பாட்டி வந்து பேரனைக் கேட்டால் என்ன சொல்வது?

கென்யாவின் கிசுமு நகருக்குப் பக்கத்திலிருந்து ஒரு வாசகி நான்கு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றி, சுருக்கித் தருகிறேன்.

அவருக்கு வயது 52. திருநெல்வேலிக்காரர். கணவர் கென்யாவில் ஒரு சர்க்கரை ஆலையில் கணக்கு அதிகாரி. 2014-ல் உள்ளூர் பாஸ்டர் ஒருவரும் அவர் மனைவியும் தங்கள் வீட்டில் ஆறு பிள்ளைகளை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பிள்ளைகளுக்கு மதியச் சாப்பாடு அனுப்பத் தொடங்கியவர் இவர். இன்று அது 34 பிள்ளைகள் தங்கும் இல்லம். கூடவே ஐந்தாம் வகுப்புவரை ஒரு பள்ளி. அதில் 90 மாணவர்கள் படிக்கிறார்கள். அவர்களில் பெரும்பாலானவர்கள் சுற்றுவட்டாரத்திலிருந்து நடந்து வருகிறவர்கள். இல்லத்துக்கு மாதம் 2,40,000 ஷில்லிங், பள்ளிக்கு 1,60,000 ஷில்லிங் செலவாகிறது. பாதிப் பணம் தமிழ்நாட்டு நண்பர்கள் தருவது.

மூன்று மாதத்துக்கு முன் அரசின் குழந்தைகள் நல அலுவலர் வந்திருக்கிறார். ஒவ்வொரு பிள்ளைக்கும் கோர்ட் உத்தரவு எங்கே என்று கேட்டாராம். இல்லத்துக்கு இனிப் பதிவு கிடைக்காது, பிள்ளைகளைக் குடும்பத்தோடு சேர்க்கப் பாருங்கள் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அடுத்த வாரமே ஒரு பாட்டி 40 கிலோமீட்டர் மட்டாட்டு வேனில் வந்து, எட்டு வயதுப் பேரனைக் கூட்டிப் போகட்டுமா என்று கேட்டிருக்கிறார். "அந்த மண் வீட்டில் அவனுக்கு என்ன இருக்கிறது? இங்கே கட்டில், மூன்று வேளைச் சாப்பாடு, பள்ளி எல்லாம் இருக்கிறது. மறுத்து அனுப்பிவிட்டேன். அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை" என்று எழுதியிருக்கிறார். 14, 15 வயதில் இரண்டு பெண்களைத் திருநெல்வேலிக்கு அழைத்து வந்து படிக்க வைக்கவும் ஆசைப்படுகிறார். நான் செய்தது தவறா, எல்லாவற்றையும் மூடிவிடவா என்பதுதான் கடைசிக் கேள்வி.

அன்புள்ள சகோதரி,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். பசித்த பிள்ளைகளுக்குச் சோறு அனுப்பியதில் ஒரு தவறும் இல்லை. எதையும் அவசரமாக மூடவும் வேண்டாம். ஆனால் இல்லம் இப்போது இருக்கிறபடியே தொடர முடியாது. பள்ளியை வைத்துக்கொண்டு, இல்லத்தை இரண்டு மூன்று ஆண்டில் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துவிடுங்கள் என்பதுதான் என் ஆலோசனை. நான் சமூகப்பணி படித்தவன். மேற்கு கென்யாவிலும் உகாண்டாவிலும் ஒன்பது ஆண்டுகள் பிள்ளைகளைக் குடும்பத்தோடு சேர்க்கும் வேலையில் இருந்தேன். அந்தப் பக்கத்துப் பாட்டிகளை எனக்குத் தெரியும். அதனால் கொஞ்சம் உரிமையோடு பேசுகிறேன்.

உங்கள் பட்டியலை எண்ணிப் பார்த்தேன்

கடிதத்தோடு 34 பிள்ளைகளின் பட்டியலையும் அனுப்பியிருக்கிறீர்கள். மேலே "அனைவரும் அநாதைகள்" என்று தலைப்பு. ஒவ்வொரு வரியாகப் படித்தேன். அம்மா, அப்பா இருவரையும் இழந்தவர்கள் 9 பேர். 17 பேருக்கு அம்மா இருக்கிறார். 5 பேருக்கு அப்பா இருக்கிறார். 3 பேருக்கு எதிரே "தெரியவில்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த 9 பேரிலும் 7 பேருக்குப் பாட்டி, சித்தப்பா, அத்தை என்று யாரோ ஒருவர் பெயர் குறிப்பில் இருக்கிறது. ஆக, உறவென்று யாரும் எழுதப்படாத பிள்ளைகள் ஐந்தே பேர்.

இதற்காக உங்களைக் குறை சொல்லவில்லை. யுனிசெஃப் கணக்கிலேயே பெற்றோரில் ஒருவரை இழந்தாலும் அந்தப் பிள்ளை அநாதை என்றுதான் எண்ணப்படுகிறது. 2015-ல் அப்படி உலகம் முழுக்கக் கிட்டத்தட்ட 14 கோடிப் பேர். அவர்களில் இருவரையும் இழந்தவர்கள் 1.51 கோடிப் பேர்தான். மிச்சப் பேருக்கு வீட்டில் ஒருவர் இருக்கிறார். "அநாதை" என்று தமிழில் கேட்கும்போது நமக்கு யாருமே இல்லாத பிள்ளைதான் கண்ணில் வருகிறது. நன்கொடை கொடுக்கிறவர்களுக்கும் அப்படித்தான். இந்த ஒரு சொல்லால் எத்தனையோ அம்மாக்கள் கணக்கிலிருந்தே காணாமல் போயிருக்கிறார்கள்.

அப்படியானால் பிள்ளைகள் உங்களிடம் ஏன் வந்தார்கள்? உங்கள் குறிப்புகளிலேயே பதில் இருக்கிறது. "அம்மா படுத்த படுக்கை", "சாப்பாட்டுக்கு வழியில்லை", "சீருடை வாங்க முடியவில்லை". கிசுமு, சியாயா, ஹோமா பே மூன்றும் கென்யாவில் எச்.ஐ.வி. பாதிப்பு மிக அதிகமாக இருக்கும் பகுதிகள். ஆனால் கூட்டு மருந்துச் சிகிச்சை பரவிய பிறகு நிலைமை மாறியிருக்கிறது. சேர்க்கும்போது சாகக் கிடந்த அம்மா, மாத்திரை சாப்பிட்டுத் தேறி இன்று விக்டோரியா ஏரிக்கரைச் சந்தையில் ஒமேனா மீன் விற்றுக்கொண்டிருக்கலாம். உங்கள் பட்டியல் பிள்ளை வந்த நாளில் எழுதியது. அப்புறம் யாரும் போய்ப் பார்க்கவில்லை. அந்த 17 அம்மாக்களையும் ஒருமுறை நேரில் போய்ப் பாருங்கள். வேறு எந்த வேலைக்கும் முன்னால் இதைச் செய்யுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நல்ல பள்ளியும் மூன்று வேளைச் சாப்பாடும் இல்லத்துக்குள் இருந்தால்தான் கிடைக்கும் என்றால், ஏழைத் தாய் பிள்ளையைக் கொண்டுவந்து விடத்தான் செய்வாள். பாசம் இல்லாமல் விடுவதில்லை. அவன் நன்றாக இருக்கட்டும் என்றுதான் விடுகிறாள். அதே பள்ளிக்கு வீட்டிலிருந்து நடந்து வரலாம், மதியச் சாப்பாடும் உண்டு என்றால் அவளுக்கு அந்த முடிவை எடுக்க வேண்டிய தேவையே இல்லை. உங்கள் பள்ளிக்கு நடந்து வரும் பிள்ளைகளின் அம்மாக்களைக் கேட்டால் சொல்வார்கள்.

மண் வீட்டில் என்ன இருக்கிறது?

சியாயாவில் ஒரு பையனைப் பார்த்தேன். வயது 19. நான்கு வயதிலிருந்து ஒரு இல்லத்தில் வளர்ந்தவன். நன்றாக ஆங்கிலம் பேசுவான். தேசிய அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கப் போனபோது, எந்த ஊர், யார் மகன் என்று சீஃப், அதாவது அந்த ஊர் அரசு நிர்வாக அதிகாரி, கேட்டிருக்கிறார். அவனுக்குச் சொல்லத் தெரியவில்லை. பிறப்புச் சான்றிதழும் இல்லை. நாங்கள் தேடிக் கண்டுபிடித்தபோது அவனுடைய அப்பாவின் நிலம் கைமாறி ஆறு வருடம் ஆகியிருந்தது. அந்தப் பகுதி லுவோ இன மக்களிடம் ஆண்பிள்ளை வளர்ந்ததும் அப்பாவின் "டாலா"வுக்குள், அதாவது குடும்ப வளாகத்துக்குள், தனக்கென்று ஒரு "சிம்பா" குடிசை கட்டிக்கொள்வான். வளர்ந்துவிட்டான் என்பதற்கு அதுதான் அடையாளம். "நான் என் சிம்பாவை எங்கே கட்டுவது?" என்று அந்தப் பையன் என்னிடம் கேட்டான். என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

அந்தப் பாட்டியின் மண் வீட்டில் உங்கள் எட்டு வயதுப் பையனுக்கு இருப்பது இதுதான். அவன் பெயர், அவன் மொழி, அப்பாவைப் புதைத்த இடம், வாரிசாக அவனுக்குச் சேர வேண்டிய நிலத்துண்டு, அவனை இன்னார் மகன் என்று அடையாளம் சொல்லும் ஊர். கட்டிலும் கொசுவலையும் வாங்கிக் கொடுத்துவிடலாம். இவற்றை வாங்க முடியாது.

பாசத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. ருமேனியாவின் புகாரெஸ்ட் நகரில் இல்லங்களில் இருந்த 136 கைக்குழந்தைகளை வைத்து 2000-க்குப் பிறகு ஒரு நீண்ட ஆய்வு நடந்தது. பாதிக் குழந்தைகளை வளர்ப்புக் குடும்பங்களில் விட்டார்கள். அவர்கள் அறிவு வளர்ச்சியிலும் பெரியவர்களோடு பற்று வைப்பதிலும் மற்றவர்களை முந்தினார்கள். இரண்டு வயதுக்குள் குடும்பத்துக்குப் போன குழந்தைகளிடம் வித்தியாசம் நன்றாகத் தெரிந்தது. உங்கள் இல்லம் அந்தக் காலத்து ருமேனிய இல்லங்களைப் போன்றது இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் ஐந்து பெண்கள் ஷிஃப்ட் போட்டு 34 பிள்ளைகளைப் பார்க்கும் இடத்தில், இரவு பயந்து எழுந்த குழந்தை எல்லா நாளும் ஒரே ஆளைத் தேடிப் போக முடியாது.

சட்டம் என்ன சொல்கிறது?

அலுவலர் உங்களை மிரட்டவில்லை. அவர் சொன்னது அரசின் கொள்கை. கென்யா 2017 நவம்பரிலேயே புதிய இல்லங்களைப் பதிவதை நிறுத்திவிட்டது. 2022-ன் குழந்தைகள் சட்டம், இல்லத்தில் வைப்பது கடைசி வழி என்கிறது. அதுவும் கொஞ்ச காலத்துக்குத்தான். உறவினர் வீடு, வளர்ப்புக் குடும்பம், முஸ்லிம் பிள்ளைகளுக்குக் கஃபாலா (தத்தெடுக்காமல் பொறுப்பேற்று வளர்க்கும் இஸ்லாமிய முறை) என்று முதலில் பார்க்க வேண்டிய வழிகளையும் சொல்கிறது. பிள்ளைகளை இல்லங்களிலிருந்து குடும்பங்களுக்கு மாற்ற 2022-லிருந்து 2032 வரை பத்தாண்டுத் திட்டமும் போட்டிருக்கிறார்கள். ருவாண்டா இதை 2012-லேயே தொடங்கியது. 33 இல்லங்களில் சுமார் 3,300 பிள்ளைகள் இருந்த நாடு அது. இனப்படுகொலையில் குடும்பங்கள் சிதைந்த நாடே முயன்றது என்பதற்காகச் சொல்கிறேன். இந்தியாவிலும் 2015-ன் சிறார் நீதிச் சட்டத்தில் இல்லம் கடைசி வழிதான்.

உங்களிடம் இருப்பது சமூகக் குழுவுக்கான பதிவுச் சான்றிதழ். "பதிவு இருக்கிறதே" என்று எழுதியிருக்கிறீர்கள். அது குழு நடத்த அனுமதி. பிள்ளைகளைத் தங்க வைக்க அனுமதி ஆகாது. கோர்ட் உத்தரவு இல்லாமல் ஒரு பிள்ளையை ஆண்டுக்கணக்கில் வைத்திருப்பது, நல்ல மனதோடு செய்தாலும், நாளைக்கு உங்கள் மேல் ஆள்கடத்தல் புகார் வரைகூடப் போகலாம். ஆகவே அலுவலரைத் தவிர்க்காதீர்கள். நீங்களே அலுவலகத்துக்குப் போய், "இல்லத்தை மாற்றி அமைக்க விரும்புகிறோம், வழிகாட்டுங்கள்" என்று எழுத்தில் கொடுங்கள். முத்திரை போட்ட நகலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் சொந்த நிலையையும் பாருங்கள். கணவரின் விசாவைச் சார்ந்து இருக்கிறவர், சம்பளம் வாங்காவிட்டாலும், ஒரு நிறுவனத்தை நடத்துவது சிக்கல்தான். அறப்பணிக்கென்று "ஐ" வகை அனுமதி இருக்கிறது. அதற்கு விண்ணப்பியுங்கள்.

எப்படி அனுப்புவது

நான் மிகவும் பயப்படுவது அவசரத்துக்கு. அலுவலருக்குப் பயந்து 34 பிள்ளைகளையும் ஒரே வாரத்தில் வேனில் ஏற்றி ஊர் ஊராக இறக்கிவிட்டு வந்த இல்லத்தை நான் பார்த்திருக்கிறேன். அந்தப் பிள்ளைகள் இரண்டாம் முறை கைவிடப்பட்டார்கள். நீங்கள் அப்படிச் செய்யவே கூடாது.

உள்ளூர் மொழி தெரிந்த, பயிற்சி பெற்ற ஒரு சமூகப்பணியாளரை முதலில் வேலைக்கு வையுங்கள். பாஸ்டரின் உறவினராக இல்லாமல் இருந்தால் நல்லது. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு கோப்பு போடட்டும். குடும்பத்தை இரண்டு மூன்று முறை போய்ப் பார்க்கட்டும். சொல்லிவிட்டு ஒரு முறை, சொல்லாமல் ஒரு முறை. யார் வீட்டில் இருக்கிறார்கள், குடிப்பழக்கம் உண்டா, பெண்பிள்ளை எங்கே படுப்பாள், எதற்காக இப்போது பிள்ளையைக் கேட்கிறார்கள், எல்லாம் தெரிய வேண்டும். பிள்ளையிடமும் தனியாகக் கேட்க வேண்டும். சில பிள்ளைகள் சித்தப்பா பெயரைக் கேட்டதுமே ஒடுங்கிப் போவார்கள். அந்த மௌனத்தை மதியுங்கள். அந்த வீட்டுக்கு அனுப்பாதீர்கள். அப்படிப்பட்டவர்களுக்கும் உறவே இல்லாதவர்களுக்கும் வளர்ப்புக் குடும்பம் தேட அலுவலரின் உதவியைக் கேளுங்கள்.

சரி என்று தெரிந்தால் உடனே அனுப்பிவிடாமல், ஏப்ரல் அல்லது ஆகஸ்ட் விடுமுறைக்கு அனுப்பிப் பாருங்கள். அண்ணன் தம்பிகளைப் பிரிக்க வேண்டாம். எச்.ஐ.வி. மருந்து சாப்பிடும் பிள்ளை என்றால், புதிய ஊரின் கிளினிக்குக்குக் கோப்பு மாறி, பாட்டியோ அத்தையோ மருந்து கொடுக்கும் நேரத்தைக் கற்றுக்கொண்ட பிறகுதான் பயணம். போன பிறகு குறைந்தது ஒரு வருடம் மாதம் ஒரு தடவையாவது போய்ப் பார்க்க வேண்டும்.

இதோடு சேர்ந்து 34 பேருக்கும் பிறப்புச் சான்றிதழ் வாங்குங்கள். பள்ளித் தரவுப் பதிவு, அரசுத் தேர்வு, அடையாள அட்டை எல்லாமே அதில்தான் தொடங்குகின்றன. ஒரு வேளைச் சாப்பாட்டை விட்டாலும் பரவாயில்லை, இதை விடாதீர்கள் என்று சொல்லும் அளவுக்கு எனக்கு இது முக்கியம். அப்பா இறந்திருந்தால் இறப்புச் சான்றிதழும் வேண்டும்; நில வாரிசுரிமைக்கு அது இல்லாமல் முடியாது.

பணம், பள்ளி, நிலம்

இல்லத்துக்கு மட்டும் தலைக்கு மாதம் ஏழாயிரம் ஷில்லிங் செலவு செய்கிறீர்கள். அநாதைப் பிள்ளைகளை வளர்க்கும் ஏழைக் குடும்பத்துக்குக் கென்ய அரசு தரும் உதவித்தொகை, ஒரு வீட்டுக்கு மாதம் இரண்டாயிரம். உங்கள் குடும்பங்களில் யாருக்கு அது வருகிறது, யாருக்கு வரவில்லை என்று விசாரித்துப் பதிய வையுங்கள். அதற்கு மேல் நீங்கள் ஒரு பிள்ளைக்கு நாலாயிரம் கொடுத்தாலும் மாதம் 1,36,000-தான் ஆகிறது. மிச்சத்தில் சமூகப்பணியாளரின் சம்பளமும் பயணச் செலவும் போக, பள்ளியில் மதியச் சாப்பாட்டையும் நன்றாக்கலாம். பணமாகக் கொடுப்பதைவிட ஒரு தாய்க்கு மீன் வியாபார முதலோ, பாட்டிக்கு இரண்டு ஆடோ உதவும் என்றால் அப்படிச் செய்யுங்கள்.

பள்ளியைக் கட்டாயம் வைத்துக்கொள்ளுங்கள். அரசுத் தொடக்கப்பள்ளியில் 2003 முதல் கட்டணம் இல்லை என்றாலும், சீருடையும் பரீட்சைச் செலவும் பிள்ளைகளை வெளியே நிறுத்திவிடுகின்றன. வீட்டிலிருந்து நடந்து வரும் பள்ளியாக அது இருந்தால் கிராமத்துக்கே சொத்து. மாவட்டக் கல்வி வாரியத்தில் பள்ளிக்குத் தனியாகப் பதிவு வாங்குங்கள். ஆசிரியர்களும் ஆசிரியர் பணி ஆணையத்தில் பதிவு பெற்றவர்களாக இருக்க வேண்டும். தூரத்து ஊர்களுக்குப் போகும் பிள்ளைகளை அந்தந்த ஊர்ப் பள்ளியில் சேர்த்துச் செலவை நீங்கள் ஏற்கலாம்.

நிலம் பாஸ்டரின் பெயரில் இருப்பது எனக்குக் கவலையாக இருக்கிறது. அவர் நல்லவராகவே இருக்கட்டும். அவருக்குப் பிறகு? வெளிநாட்டவர் கென்யாவில் 99 ஆண்டுக் குத்தகைக்கு மேல் நிலம் வைத்திருக்க முடியாது என்பதால் உங்கள் பெயருக்கு மாற்றுவதும் வழியில்லை. பிள்ளைகளின் நலனுக்கென்று ஒரு அறக்கட்டளை பதிந்து, அதன் பெயருக்கு மாற்றச் சொல்லுங்கள். கிசுமுவிலேயே ஒரு வக்கீலைப் பிடியுங்கள்.

திருநெல்வேலியில் தம்பியின் டிரஸ்ட் மூலம் 80ஜி ரசீது (நன்கொடையாளருக்கு வருமான வரிச் சலுகை தரும் ரசீது) கொடுத்து வசூலிக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். இந்திய டிரஸ்ட் வெளிநாட்டில் செலவழிக்கும் பணத்துக்கு, நேரடி வரிகள் வாரியத்தின் தனி ஒப்புதல் இல்லாமல் வரிவிலக்கு கிடையாது. தனிநபர்கள் ரிசர்வ் வங்கியின் தாராளப் பணம் அனுப்பும் திட்டத்தின் கீழ் அவரவர் வங்கி வழியாக நன்கொடை அனுப்பலாம். வரிச் சலுகை இருக்காது என்று முன்னாலேயே சொல்லிவிடுங்கள்.

இரண்டு பெண்கள், டிசம்பர் விருந்தினர்கள்

அந்தப் பெண்களைத் திருநெல்வேலிக்கு அழைத்து வரும் எண்ணத்தை விட்டுவிடுங்கள். 2014 நவம்பரில் கென்ய அரசு வெளிநாட்டினருக்குத் தத்துக் கொடுப்பதை நிறுத்தியது. காப்பாளர் உத்தரவு இல்லாமல் சிறுமிகளை எல்லை தாண்டி அழைத்துப் போவது, எந்த நோக்கத்துக்காக இருந்தாலும், குற்றமாகவே பார்க்கப்படும். இருவரில் ஒருத்திக்கு அம்மா இருக்கிறார் என்று உங்கள் பட்டியலே சொல்கிறது. அவரிடம் கேட்டீர்களா? கிசுமுவில் நல்ல மேல்நிலைப் பள்ளிகள் இருக்கின்றன. கட்டணத்தை நீங்கள் கட்டுங்கள். பதினெட்டு வயதுக்குப் பிறகு அவர்களே விரும்பினால் மாணவர் விசாவில் இந்தியக் கல்லூரிக்கு வரலாம்.

டிசம்பரில் தன்னார்வலர்களாக வரப்போவதாக நீங்கள் எழுதியிருக்கும் கல்லூரி மாணவர்களையும் இல்லத்தில் தங்க வைக்க வேண்டாம். வந்த முதல் நாளே பிள்ளைகள் ஓடி வந்து கட்டிக்கொள்வார்கள், மாணவர்கள் உருகிப் போவார்கள். ஆனால் முன்பின் தெரியாதவரிடம் அப்படி ஒட்டிக்கொள்வது பல நேரம் நிலையான ஆள் இல்லாத பிள்ளையின் பழக்கம். இரண்டு வாரத்தில் அவர்களும் போய்விடுவார்கள். வருவதற்குப் பதிலாகப் பயணச் செலவுப் பணத்தை அனுப்பச் சொல்லுங்கள். கட்டாயம் வர வேண்டும் என்றால் ஆசிரியர்களுக்குக் கணினி கற்றுக்கொடுக்கட்டும். பிள்ளைகளின் முகம் தெரியும் படங்களை நன்கொடைக்காகப் போடுவதையும் இன்றோடு நிறுத்துங்கள். 2019-ன் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி பெற்றோர் அல்லது காப்பாளரின் சம்மதம் வேண்டும். சட்டம் இல்லாவிட்டாலும், "தாயில்லாப் பிள்ளை" என்று தன் படத்தின் கீழ் எழுதியிருப்பதை அந்தப் பெண் இருபது வயதில் பார்க்கக் கூடாது.

அந்தப் பாட்டிக்கு இந்த வாரமே சொல்லி அனுப்புங்கள். போன் நம்பர் இல்லை என்று எழுதியிருந்தீர்கள். அந்த ஊர் உதவி சீஃபைக் கேட்டால் கிடைக்கும். மறுத்ததற்கு வருத்தம் சொல்லுங்கள். சமூகப்பணியாளரோடு நீங்களும் போய் அந்த வீட்டில் உட்கார்ந்து, அவர் போடும் உகாலியை, அந்த ஊர் மக்காச்சோளக் களியை, சாப்பிட்டுவிட்டு, பையனின் அப்பா எங்கே பிறந்தார், எப்படி இருந்தார் என்று கேளுங்கள். திரும்பி வந்து அதைப் பையனிடம் சொல்லுங்கள். அவன் போக விரும்பினால், அலுவலரிடமும் தெரிவித்துவிட்டு, வருகிற விடுமுறைக்கு அவனைக் கூட்டிக்கொண்டு போய் விடுங்கள். பழைய நோட்டுகளையும் மதிப்பெண் அட்டையையும் பையில் வைத்து அனுப்புங்கள். பாட்டி பார்க்க ஆசைப்படுவார்.